கல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது? பாலைவனச் சரளை மண் பற்றிய கேள்வி பதில்

வறண்ட நிலங்களில் குழி வெட்டி மண் ஆய்வு செய்வது என் தொழில். சரளைப் பாலைவனங்கள் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மேலே பரவிக் கிடக்கும் கல்லை மட்டும் பார்த்து மண்ணை முடிவு கட்டிவிடாதீர்கள் என்பதைத்தான் பல பதில்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

பாலைவனம் என்றாலே மணல்மேடுதான் நினைவுக்கு வருகிறது. சரளைப் பாலைவனம் என்று தனியாக உண்டா சார்? எந்த அளவுக் கல்லைச் சரளை என்கிறீர்கள்?

உண்டு. சஹாராவிலேயே மணல்மேடுகள் சுமார் கால் பங்குதான். மற்ற இடமெல்லாம் பெரும்பாலும் பாறைத் தளமும் சரளைச் சமவெளியும். அல்ஜீரியப் பக்கம் இதை ரெக் என்பார்கள், லிபியாவில் செரிர், ஆஸ்திரேலியாவில் கிப்பர். குவைத்திலும் தெற்கு ஈராக்கிலும் விரிந்து கிடக்கும் திப்திபா இதே வகை.

அளவு என்று பார்த்தால், 2 மில்லிமீட்டருக்கு மேல் 75 மில்லிமீட்டர் வரை உள்ளது சரளை. அதற்கு மேல் 250 வரை உருண்டைக் கல். மண்ணின் கன அளவில் 15 முதல் 35 சதவீதம் கல் இருந்தால் சரளை மண், 35 முதல் 60 வரை மிகுசரளை, அதற்கும் மேலே போனால் மண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இவை அமெரிக்க மண் ஆய்வு முறையின் எல்லைகள். இந்தியாவிலும் பெரும்பாலும் இதையே பின்பற்றுகிறோம்.

தரை முழுக்கத் தளம் பாவியது போலக் கல் நெருக்கமாக இருக்கிறது. காற்று மண்ணை அடித்துப் போனதால் கல் மட்டும் மிஞ்சியது என்று கல்லூரியில் படித்தேன். சரிதானா?

சில இடங்களில் சரி. ஆனால் பல பழைய கல்தளங்களுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. அடுத்த முறை போகும்போது ஒரு சாண் அகலத்துக்குக் கற்களை விலக்கிவிட்டுக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். கீழே சில சென்டிமீட்டருக்குக் கல்லே இல்லாத, வெளிர் நிறத்தில் மாவு போன்ற வண்டல் அடுக்கு இருக்கும். காற்று மண்ணைத் தூக்கிப் போய்க் கல் மட்டும் மிஞ்சியிருந்தால், கல்லுக்கு நேர் கீழே இவ்வளவு நைசான மண் எப்படி வந்தது?

கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் சீமா என்ற எரிமலைப் பகுதி இருக்கிறது. அங்கே பல வயதுடைய எரிமலைக்குழம்புப் படிவுகள் பக்கம் பக்கமாக இருப்பதால், மண் எப்படி வளர்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். மெக்ஃபேடன், வெல்ஸ் முதலானவர்கள் 1980களில் அங்கே ஆய்வு செய்து வேறொரு விளக்கம் தந்தார்கள். காற்று அங்கிருந்து மண்ணை எடுத்துப் போகவில்லை, வெளியிலிருந்து தூசியைக் கொண்டு வந்து சேர்த்திருக்கிறது. வறண்ட ஏரிப்படுகைகளிலிருந்து கிளம்பும் தூசி கற்களின் இடுக்கில் இறங்கிக் கீழே தங்குகிறது. நனைந்து காய்ந்து, வீங்கிச் சுருங்கி, அந்தத் தூசி அடுக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கிறது. கற்கள் அதன் முதுகிலேயே உயர்ந்துகொண்டு வருகின்றன. பின்னால் 1990களில், வெட்டவெளியில் கிடக்கும் கல்லில் விண்கதிர்கள் காலப்போக்கில் உண்டாக்கும் ஹீலியம்-3 அணுக்களை அளந்தார்கள். மேலே கிடந்த கற்களும் பக்கத்தில் வெளியே தெரியும் எரிமலைப் பாறையும் ஒரே அளவு காலம் வெயிலில் இருந்தவை என்று தெரிந்தது. அந்தக் கற்கள் புதைந்தே இருந்ததில்லை. மண் விஞ்ஞானத்தில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்புகளில் இது ஒன்று.

அந்த மாவு அடுக்கை ஒரு கட்டியாகப் பெயர்த்து உடைத்துப் பாருங்கள். உள்ளே சின்னச் சின்ன உருண்டைக் குமிழ்கள் தெரியும். மழையில் நனையும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று விட்டுச்சென்ற வெற்றிடங்கள் அவை. ஒன்றோடொன்று சேராத இந்தக் குமிழ்களால் தண்ணீர் உள்ளே இறங்குவது கடினம். அதனால்தான் பழைய கல்தளத்தில் செடி அரிது. மழை ஓடிவிடுகிறது, உப்பும் ஆழத்துக்குப் போகாமல் மேலாகவே தங்கிவிடுகிறது.

அந்தத் தளத்தில் ஜீப் ஓட்டினால் என்ன ஆகும்? கொஞ்ச நாளில் சரியாகிவிடாதா?

ஆகாது. 1942 முதல் 1944 வரை அமெரிக்க ராணுவம் மொஹாவியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் டாங்கிப் பயிற்சி நடத்தியது. ஜெனரல் பாட்டன் தொடங்கிவைத்த முகாம் அது. அந்தச் சக்கரத் தடங்கள் இன்றும் தெரிகின்றன. தளம் கிழிந்தால் உள்ளே இருக்கும் நைசான தூசிதான் வெளியே வரும், அதைக் காற்று அள்ளிப் போகும். ஏற்கெனவே உள்ள தடத்திலேயே ஓட்டுங்கள், தயவுசெய்து.

ஒரு கல்லைப் புரட்டினேன். மேல்பக்கம் கறுப்பாக மினுக்குகிறது, கீழே வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. இரண்டும் என்ன?

கறுப்பு என்பது மாங்கனீசும் இரும்பு ஆக்சைடும் களிமண்ணும் கலந்த பூச்சு. முடியைவிடத் தடிமன் அதிகம் இருக்காது. பெருவில் நாஸ்கா கோடுகள் உருவானது இப்படிப்பட்ட கருங்கற்களை ஒதுக்கிவிட்டுக் கீழே உள்ள வெளிர் மண்ணைக் காட்டியதால்தான்.

வெள்ளை பெரும்பாலும் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது கல்லின் அடிப்பக்கத்தில் துளியாகத் தொங்கி நிற்கும். அங்கேயே வற்றும்போது சுண்ணாம்பு படியும். ஆகவே இந்தப் பூச்சு அடிப்பக்கத்தில்தான் வளர வேண்டும். குழிக்குள் மேல்பக்கம் வெள்ளையாக ஒரு கல் இருந்தால், அதை வெள்ளமோ விலங்கோ மனிதனோ புரட்டியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

இதை வைத்து மண்ணின் முதிர்ச்சியையும் படிக்கலாம். நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் பக்கம் வேலை செய்த கைல், பீட்டர்சன், கிராஸ்மன் மூவரும் 1966-இல் நான்கு நிலைகளை வகுத்தார்கள். முதலில் கல்லுக்கு மெல்லிய பூச்சு. இரண்டாவதில் பூச்சு தடித்து, கற்களுக்கு நடுவிலும் அங்கங்கே சுண்ணாம்பு நிரம்பும். மூன்றாவதில் அடுக்கு முழுவதும் அடைபடும். நான்காவதில் அடைபட்ட அடுக்கின் தலையில் தண்ணீர் தேங்கித் தேங்கி, தகடு தகடாக ஒரு கெட்டி ஓடு உருவாகும். கவனிக்க வேண்டியது, சரளை மண் இந்த நிலைகளைக் கல்லில்லாத மண்ணைவிட வேகமாகக் கடந்துவிடும். கல் இடத்தை அடைத்துக்கொள்வதால் நிரப்ப வேண்டிய துளைகள் குறைவு. ஆகவே மூன்றாம் நிலை என்றதும் மிகப் பழைய மண் என்று எழுதிவிடாதீர்கள், கல் எவ்வளவு என்றும் பாருங்கள்.

அண்ணா, ஓமனில் ஒரு பழத்தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மலையடிவாரச் சரளை நிலம். எல்லா மரத்துக்கும் ஒரே சொட்டுநீர்தான், ஆனால் அங்கங்கே சில மரங்கள் மட்டும் வாடுகின்றன.

தம்பி, வாடும் மரத்தின் பக்கத்தில் ஒன்று, நன்றாக இருக்கும் மரத்தின் பக்கத்தில் ஒன்று என இரண்டு குழி போடுங்கள். ஒன்றரை மீட்டர் ஆழம் வேண்டும். மலையடிவாரத்தில் ஒவ்வொரு வெள்ளமும் ஒவ்வொரு விதமாகக் கொட்டியிருக்கும், பத்து அடிக்குள் மண் மாறிவிடும்.

வாடும் பக்கத்தில் கெட்டி அடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு காய்ந்த துண்டை ஒரு இரவு தண்ணீரில் போட்டுவையுங்கள். கரைந்து குலைந்தால் வெறும் இறுக்கம். அப்படியே நின்றால் சிமென்ட் போலக் கட்டிப்போனது, வேர் நுழையாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டினால் பொங்குவது சுண்ணாம்பு. பொங்காத வெள்ளைத் தூளோ பளபளக்கும் படிகமோ இருந்தால் ஜிப்சமாக இருக்கலாம், அதைச் சோதனைக்கூடத்தில் உறுதி செய்யுங்கள். ஜிப்சம் லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 2.5 கிராம் கரையும். பாசனம் தொடர்ந்தால் தரை உள்ளே குழிவிழும், தொட்டியும் குழாயும் இறங்கும்.

கெட்டி அடுக்கு எதுவும் இல்லையென்றால் தண்ணீர் நேராகக் கீழே ஓடிவிடுகிறது என்று அர்த்தம். சரளையில் சொட்டுநீர் பக்கவாட்டில் பரவாது. ஒரு மரத்துக்குச் சொட்டிகளைக் கூட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விடுங்கள். கடற்கரை பத்தினாப் பகுதி என்றால் கிணற்று நீரின் உப்பையும் அளந்துவிடுங்கள். அங்கே அதிகம் இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்திருக்கிறது.

தேர்வுக்குப் படிக்கிறேன் ஐயா. பாலைவனச் சரளை மண் எல்லாம் அரிடிசால்தானே?

இல்லை. அரிடிசால் என்பது அமெரிக்க மண் வகைப்பாட்டில் வறண்ட நில மண்ணுக்கான பிரிவு. அதில் சேர ஈரம் அரிடிக் வகையாக இருக்க வேண்டும்: மண் வெப்பம் 5 டிகிரிக்கு மேல் இருக்கும் நாட்களில் பாதிக்கும் மேல், கணக்கில் எடுக்கும் ஆழம் முழுவதும் காய்ந்திருக்க வேண்டும். 8 டிகிரிக்கு மேலான காலத்தில் தொடர்ந்து 90 நாள் ஈரம் இருக்கவும் கூடாது. இது மட்டும் போதாது, கீழே அடையாள அடுக்கும் வேண்டும். எந்த அடுக்கு என்பதை வைத்துத்தான் துணை வகை வரும். உப்பு என்றால் சாலிட், சிலிக்காவால் கட்டிப்போன அடுக்கு டியூரிட், ஜிப்சம் ஜிப்சிட், களிமண் சேர்ந்தது ஆர்ஜிட், சுண்ணாம்பு கால்சிட், லேசாக மாறியது மட்டும் என்றால் கேம்பிட். குளிர்ந்த இடத்துக்குக் கிரையிட். நேற்றைய வெள்ளம் கொட்டிய ஓடைச் சரளையில் அடுக்கு எதுவும் உருவாகியிருக்காது, அது என்டிசால்.

பெயரில் கல் எங்கே வருகிறது என்றால், இந்த வகைப்பாட்டில் ‘குடும்பம்’ என்ற கீழ்நிலையில்தான். கல் 35 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ‘ஸ்கெலிட்டல்’ என்று சேரும். மேலே கல்தளம் இருப்பதற்கு இந்த முறையில் தனி வகை கிடையாது.

உலக மண் வகைப்பாட்டு முறையில் (டபிள்யூஆர்பி) கல்தளத்துக்குத் தனி வகை உண்டா?

அங்கே ‘யெர்மிக்’ என்ற அடைமொழி கல்தளத்துக்கும் குமிழ் அடுக்குக்கும் இடம் தருகிறது. கல் 40 சதவீதத்தைத் தாண்டினால் ‘ஸ்கெலிட்டிக்’. 1974-ஆம் ஆண்டு எஃப்ஏஓ (ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு) வரைபடத்தில் யெர்மோசால் என்று தனி வகையே இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். பாலைவன மேற்பரப்பைக் கவனிக்கும் இந்த முறைதான் எனக்குக் கூடுதல் நியாயமாகப் படுகிறது.

கல்லைப் பொறுக்கி எடுத்துவிட்டால் விவசாயம் செய்யலாமா?

இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் பழங்காலத்தில் சரிவுகளில் கல்லைப் பொறுக்கிக் குவித்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான குவியல்கள் இன்றும் இருக்கின்றன. ஆய்வாளர் எவெனாரியும் அவர் குழுவினரும் அங்குள்ள அவ்தாத்தில் சோதித்தபோது, கல்லை எடுத்த சரிவில் மழைநீர் கூடுதலாக ஓடியது. வெறும் மண் மழையடியில் ஏடு கட்டிவிடும், நீர் இறங்காது. அந்த ஓட்டத்தைப் பள்ளத்தில் தேக்கிப் பயிர் செய்தால் லாபம். ஜெய்சல்மேரில் பாலிவால் மக்கள் வளர்த்த கடீன் முறையும் இதே கணக்குதான்: கல்மேட்டில் விழும் மழை, கீழே கரைகட்டிய வயலுக்கு. ஆனால் கல் எடுத்த இடத்திலேயே விதைக்க நினைத்தால் ஏமாற்றம்தான், ஈரத்தைக் காத்ததே அந்தக் கல்.

எங்கள் பல்லடம் பக்கம் செம்மண்ணில் சரளையும் சுக்கானும் நிறைய. அதுவும் பாலைவன மண்ணா?

இல்லைங்க. உங்களுக்கு வடகிழக்குப் பருவமழையில் மண் போதுமான காலம் நனைகிறது. சுக்கான், அதாவது மண்ணில் திரளும் சுண்ணாம்புக் கட்டி, உருவாகும் விதம் ஒன்றுதான், மண்ணின் வகை வேறு.

மண் பரிசோதனை அறிக்கையில் சத்து நன்றாக இருக்கிறது என்று வருகிறது, பயிர் மட்டும் எழவில்லை. சரளை நிலம்.

சோதனைக்கூடம் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துக் கீழே விழுந்ததை மட்டும் பார்க்கிறது. சல்லடையில் நின்ற கல் கணக்கிலேயே வராது. உதாரணத்துக்கு, எடையில் பாதி கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லின் அடர்த்தி 2.65, மண்ணின் அடர்த்தி 1.5 என்றால் கன அளவில் கல் சுமார் 36 சதவீதம். அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் உங்கள் பயிருக்கு உண்மையில் கிடைப்பது 64 சென்டிமீட்டர் மண். சத்தும் நீரும் அதே அளவுக்குக் குறையும். மாதிரி அனுப்பும்போது கல்லோடு சேர்த்து முழு எடை, சலித்த பிறகு எடை, இரண்டையும் எழுதி அனுப்புங்கள். பரிந்துரையை அதற்கேற்பத் திருத்தித் தரும்படி கேளுங்கள்.