வாய்தா நாளும் விமான டிக்கெட்டும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

ஆஸ்திரேலியாவில் டார்வினில் இருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம், படித்தது பி.காம். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததால் வந்தோம். பூர்வகுடி மக்களுக்கான ஒரு சட்ட உதவி அமைப்பில் ‘ப்ராஜெக்ட் சப்போர்ட்’ என்ற பெயரில் ஒப்பந்த வேலை பார்க்கிறேன். வக்கீல்களுக்கு விமான டிக்கெட் போடுவது, யாருக்கு எப்போது டியூட்டி என்று ரோஸ்டர் தயாரிப்பது, கேஸ் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, அப்புறம் அரசுக்கு அனுப்ப வேண்டிய எக்செல் அறிக்கைகள். ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிக்கிறோம் என்கிறார்கள். ஒரு சுரங்கக் கம்பெனியும் கூப்பிடுகிறது, அங்கே சம்பளம் நிறையவே கூடுதல். நம் ஆட்களோ, “அந்த ஜனங்களுக்கு அரசாங்கம் கொட்டிக்கொடுக்கிறது, குடித்தே அழிக்கிறார்கள், நீ ஏன் போய் அங்கே குமாஸ்தா வேலை பார்க்கிறாய்” என்கிறார்கள். எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நான் சட்டம் படித்தவன் இல்லை, அந்த மக்களில் ஒருவனும் இல்லை, கோர்ட்டுக்குள் காலெடுத்து வைத்ததுகூட இல்லை. நான் செய்வதால் யாருக்காவது ஏதாவது ஆகிறதா?

(பெயர் வேண்டாம் அக்கா)

*

அன்புள்ள தம்பி,

ஆகிறது. உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போன அந்த ரோஸ்டரிலிருந்தே தொடங்குகிறேன்.

1980களில் போலீஸ் லாக்கப்பிலும் சிறையிலும் பூர்வகுடி மக்கள் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்ததால் 1987இல் ஒரு ராயல் கமிஷன், அதாவது அரசின் உயர்மட்ட விசாரணைக் குழு, அமைத்தார்கள். 99 மரணங்களை விசாரித்து 1991இல் 339 பரிந்துரைகள் கொடுத்தது. அதில் மிக எளிமையான ஒன்று, பூர்வகுடி ஆள் ஒருவரைப் பிடித்துவைத்தால் போலீஸ் உடனே அவர்களுடைய சட்ட உதவி அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்பது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இது சட்ட விதியாகி, 2000இலிருந்து இரவு பகலாக ஒரு தொலைபேசிச் சேவை நடக்கிறது. போனை எடுப்பவர் லாக்கப்பில் இருப்பவரிடமே பேசுவார். போலீஸிடம் எதுவும் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு என்பார், உடம்புக்கு என்ன, மாத்திரை போட்டாயா, வீட்டில் குழந்தைகளை யார் பார்க்கிறார்கள், தப்பான எண்ணம் ஏதும் வருகிறதா என்றெல்லாம் கேட்பார். அவ்வளவுதான் அந்தச் சேவை.

2016 ஜூலையில் அதே மாநிலத்தின் மெயிட்லேண்டில் 36 வயதுப் பெண் ஒருவரைப் போதையில் ரோட்டில் நடந்துகொண்டிருந்தார் என்று போலீஸ் கூட்டிவந்து, அவருடைய பாதுகாப்புக்காக என்று சொல்லி செல்லில் வைத்தது. அவர் மீது வழக்கு எதுவும் இல்லை. வழக்கு இல்லாததால் தகவல் சொல்லும் விதி அவருக்குப் பொருந்தாது என்று ஆகிவிட்டது. யாரும் போன் செய்யவில்லை. சில மணி நேரத்தில் அந்த செல்லிலேயே இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் இப்படிப் ‘பாதுகாப்பு’க்காக வைக்கப்படுபவர்களையும் விதிக்குள் கொண்டுவந்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் சவுத் ஹெட்லேண்ட் ஸ்டேஷனில், கட்டாத அபராதத்துக்காகப் பிடித்துவைக்கப்பட்ட 22 வயதுப் பெண் 2014இல் இறந்தார். அந்த மாநிலத்தில் இந்தத் தொலைபேசிச் சேவை தொடங்கியது 2019இல், கமிஷன் சொல்லி 28 வருடம் கழித்து.

தம்பி, விதி புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. ராத்திரி மூணு மணிக்கு மணி அடித்தால் எடுக்க ஆள் இருக்க வேண்டும், அவருக்குக் காய்ச்சல் என்றால் மாற்று யார் என்று முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும், அந்த நம்பர் எல்லா ஸ்டேஷனிலும் சரியாக இருக்க வேண்டும். இதையெல்லாம் வக்கீல்கள் செய்வதில்லை, உங்கள் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் செய்கிறார்.

எக்செல் அறிக்கை சலிப்புதான், தெரியும். நான் சிட்னியில் ஒரு சமூகச் சட்ட மையத்தின் முன்மேசையில் சில வருடம் இருந்தவள். ஆனால் நான் மேலே சொன்ன நியூ சவுத் வேல்ஸ் தொலைபேசிச் சேவையே 2013 வாக்கில் பணம் இல்லாமல் நின்றுபோகும் நிலைக்கு வந்து, ஊரே சேர்ந்து போராடி மீட்ட கதை. இந்த மாதிரி அமைப்புகளுக்குப் பணம் ஐந்து வருட ஒப்பந்தங்களாகத்தான் வருகிறது. ஒன்று 2025 ஜூனில் முடிந்து அடுத்தது ஜூலையில் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் எத்தனை பேருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். நீங்கள் ஏற்றாமல் விட்ட ஒரு கேஸ், அவர்களைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

இனி உங்கள் விமான டிக்கெட். டார்வின் இருக்கிற வடக்குப் பிரதேசத்தில் வாடெயே, மானிங்ரிடா போன்ற ஊர்களுக்கு நீதிபதியும் வக்கீல்களும் சின்ன விமானத்தில் போய் அங்கேயே கோர்ட் நடத்திவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மழைக்காலத்தில் ரோடு அறுந்துபோகும், மாதக்கணக்கில் விமானம்தான் ஒரே வழி. வக்கீல் ஒரு நாள் முன்னாலேயே போய் இறங்கினால் கட்சிக்காரரோடு உட்கார்ந்து பேசலாம். கோர்ட் நாளன்று நீதிபதி இறங்கும்போதே இறங்கினால், வாசலில் நின்றபடி ஆளுக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். அந்தச் சில நிமிடத்தில், இங்கிலீஷ் மூன்றாவதோ நான்காவதோ மொழியாக இருக்கிற ஒருவர், குற்றத்தை ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்! நீங்கள் முந்தின நாள் டிக்கெட் போட்டீர்களா என்பது இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளரும் அப்படித்தான். 1976இலேயே உங்கள் பிரதேசத்து உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஃபார்ஸ்டர், அனுங்கா வழக்கில், பூர்வகுடி மக்களைப் போலீஸ் விசாரிக்கும் முறைக்கு வழிகாட்டு நெறிகள் வகுத்தார். மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவர்கள் நம்புகிற ஒருவர் கூட இருக்க வேண்டும். காரணம், பலர் கேள்வி புரியாவிட்டாலும் மரியாதைக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள், அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகிவிடும். மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கும்போது மொழி தெரிந்தால் மட்டும் போதாது. உறவுமுறையில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசவே கூடாத சமூகங்கள் இவை. வருகிற மொழிபெயர்ப்பாளர் அந்த முறையில் அமைந்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது, அடுத்த வாய்தாதான். இதை எந்தக் கம்ப்யூட்டரும் உங்களுக்குச் சொல்லாது. உங்கள் அலுவலகத்தில் களப்பணி பார்க்கிற பூர்வகுடி ஊழியர்கள் இருப்பார்களே, அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஊரில் சாவு விழுந்திருந்தால் துக்கம் முடியும்வரை யாரும் கோர்ட்டுக்கு வர மாட்டார்கள், அதையும் முதலில் அறிபவர்கள் அவர்கள்தான். அது உங்கள் வழியாக வக்கீலுக்கும் வக்கீல் வழியாக நீதிபதிக்கும் போகாவிட்டால், துக்க வீட்டில் இருப்பவர் மேல் பிடிவாரண்ட் விழும்.

கேஸ் விவரம் ஏற்றுகிறேன் என்கிறீர்கள். இறந்தவர் பெயரைச் சொல்லாத வழக்கத்தால், அதே பெயர் கொண்ட உயிரோடிருப்பவரும் சில காலம் வேறு பெயரில் அழைக்கப்படுவார். ஆக, ஒரே ஆளுக்கு போலீஸ் பதிவில் ஒரு பெயர், ஆஸ்பத்திரியில் ஒன்று, ஊரில் ஒன்று. இந்த மூன்றும் ஒரே ஆள்தான் என்று உங்கள் கோப்பில் இருந்தால், மருத்துவ அறிக்கை சரியான கேஸ் கட்டில் வந்து சேரும்.

நான் அவர்களில் ஒருவன் இல்லையே என்கிறீர்கள். அந்தக் கூச்சம் நல்லது, அதை விட வேண்டாம். 1970இல் சிட்னி ரெட்ஃபெர்னில் முதல் பூர்வகுடி சட்ட உதவி அமைப்பு உருவானதற்கு முன், பால் கோ, கேரி ஃபோலி போன்ற இளைஞர்கள் தெருவில் நின்று, போலீஸ் யாரைப் பிடிக்கிறது, எப்படிப் பிடிக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஹால் வூட்டன் என்ற சட்டப் பேராசிரியரும் வெள்ளைக்கார வக்கீல்களும் உதவிக்கு வந்தார்கள். வந்தவர்கள் உதவினார்கள், வழியை முடிவு செய்தது அந்த மக்கள். உங்கள் அமைப்பிலும் அப்படி இருக்கும்வரை உங்கள் இடத்தைப் பற்றிக் குழப்பம் வேண்டாம். குறிப்பெடுப்பதில் தொடங்கிய இயக்கத்தில் குறிப்பெடுக்கிற வேலை கீழான வேலையும் இல்லை.

கொட்டிக்கொடுக்கிறார்கள் என்று பேசுகிற நம் ஆட்களுக்கு நான் அதிக நேரம் செலவிட மாட்டேன். உங்கள் பிரதேச மக்கள்தொகையில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் பூர்வகுடிகள், சிறையில் இருப்பவர்களில் 80 சதவீதத்துக்கு மேல். 2023இல் குற்றப் பொறுப்பு வயதை, அதாவது எந்த வயதிலிருந்து ஒரு பிள்ளை மேல் வழக்குப் போடலாம் என்பதை, 12 ஆக்கினார்கள், அடுத்த வருடமே ஆட்சி மாறி மறுபடி 10. பத்து வயதுப் பிள்ளை, நம் ஊரில் ஐந்தாம் வகுப்பு! யாருக்கு என்ன கொட்டிக்கொடுக்கப்படுகிறது என்று அவர்களைக் கேளுங்கள். அல்லது கேட்காதீர்கள், சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

சம்பளத்தைப் பற்றி உங்கள் மனைவியோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், வாடகையை நான் கட்டப் போவதில்லை. ஆனால் என் விருப்பத்தைக் கேட்டால், நீட்டிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். இந்த அமைப்புகளில் ஆட்கள் வருவதும் போவதுமாகவே இருக்கிறார்கள், அதுதான் பெரிய நோய். புதிய வக்கீல் வருகிறார், கட்சிக்காரர் தன் கதையை முதலிலிருந்து சொல்கிறார், ஆறு மாதத்தில் இன்னொரு வக்கீல், மறுபடி முதலிலிருந்து. அப்படிப்பட்ட இடத்தில் மூன்று வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், எந்த ஊருக்கு எந்த மொழிபெயர்ப்பாளர், எந்தப் பாட்டியிடம் சொன்னால் பையனுக்குச் செய்தி போய்ச்சேரும் என்று தெரிந்தவர், அவ்வளவு சுலபமாகக் கிடைக்க மாட்டார்.

போவதென்றே முடிவானாலும் தவறில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். மே மாதமே உட்கார்ந்து, உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிற தகவல்களை எல்லாம் எழுதி, களப்பணியாளர்களிடம் காட்டித் திருத்தி, அடுத்து வருபவர் கையில் நேரில் கொடுத்துவிட்டுப் போங்கள். அம்மாவிடம் என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா