வடசென்னையில் புழங்கும் பெயர்களில், பொருள் தெரிந்ததும் உங்களை வியக்க வைத்தது எது?

சவரிமுத்து.

பழைய வண்ணாரப்பேட்டையில் பேனர், போஸ்டர் அடிக்கும் கடையில் டிசைன் வேலை எனக்கு. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இறந்தவர் படத்துக்குக் கீழே மகன், மருமகள், பேரன், பேத்தி என்று நாலு வரி பெயர் வரும். ஒரு எழுத்து பிசகினாலும் சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால் பெயர்களை உற்றுப் பார்த்தே பழகிவிட்டது.

காசிமேட்டிலிருந்து வந்த ஒரு போஸ்டரில் தாத்தா சவரிமுத்து, பேரன் சேவியர். இரண்டும் ஒரே பெயர்தான். 1542இல் கோவாவில் வந்திறங்கிய பிரான்சிஸ் சவேரியார் நினைவாக வைப்பது. அவர் பிறந்த கோட்டை ஸ்பெயினின் நவார்ரா பகுதியில், ஹாவியர் என்ற ஊரில் இருக்கிறது. பாஸ்க் மொழியில் 'எச்செ பெர்ரி' என்றால் புது வீடு. அதுதான் தேய்ந்து ஊர்ப் பெயராகி, அவர் பெயரோடு கப்பலேறி, நம் கடற்கரையில் சவரி ஆனது. ஆக, நம்ம ஏரியா சவரி அண்ணன்கள் எல்லாரும் 'புது வீட்டுக்காரர்கள்'. அதில் பாதிப் பேர் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை.

பாதிரிமார் சில பெயர்களைப் பொருள் பார்த்தே தமிழாக்கியிருக்கிறார்கள். பவுல் என்பதன் லத்தீன் வடிவமான பவுலுஸ் என்றால் சிறியவர், அதனால் சின்னப்பர். யோவான் என்றால் எபிரேயத்தில் 'கர்த்தர் அருளினார்', அதனால் அருளப்பர். இவ்வளவு அழகான பெயர்களை விட்டுவிட்டு இன்றைக்குப் பால், ஜான் என்று வைக்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம்தான்.

சூசை அந்த வகையில் வராது. யோசேப்பு போர்த்துக்கீசியர் வழியாக வந்து அப்படி ஆகிவிட்டார். ராயபுரத்து சூசையும், மண்ணடி யூசுப் பாயும், பெரம்பூர் ஜோசப் சாரும் ஒரே பெயர்க்காரர்கள். 'ஆண்டவர் இன்னொரு மகனையும் கூட்டித் தரட்டும்' என்று ராகேல் ஆசைப்பட்டு வைத்த பெயர் அது. நம்ம போதும்பொண்ணு அதற்கு நேர் எதிர்! ஜப்பானிலும் பழைய தலைமுறைப் பெண்களுக்குத் 'தோமே' என்று பெயர் உண்டு. இதோடு நிறுத்திக்கொள்வோம் என்ற அதே வேண்டுதல்.

குப்பனைக் கேலி செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்றால், அடுத்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்பன், குப்பம்மா என்று வைப்பார்கள். குப்பையை எமன் ஏன் தூக்கப்போகிறான் என்ற கணக்கு. எங்க ஆயா பெயரும் குப்பம்மாதான். யாராவது சிரித்தால், "இந்தப் பேராலதான்டா நான் உசுரோட கீறேன்" என்று ஒரு அதட்டல் போடும். மங்கோலியாவில் இதே கணக்கில் பிள்ளைக்கு 'நெர்குய்' என்று வைக்கிறார்கள்; பெயரே இல்லை என்று பொருள். 'எனெபிஷ்' என்றும் உண்டு: 'இது அந்தப் பிள்ளை இல்லை'. கெட்ட ஆவி வீடு தேடி வந்தால் குழம்பித் திரும்பிவிடுமாம்.

வியாசர்பாடி ஸ்டாலின், லெனின்களைப் பற்றியும் கேட்பீர்கள். ரஷ்ய மொழியில் 'ஸ்டால்' என்றால் எஃகு. ஆனால் அந்த இரண்டும் தலைவர்கள் தாங்களாக வைத்துக்கொண்ட புனைபெயர்கள். வீட்டில் வைத்த பெயர் ஒருவருக்கு ஜுகாஷ்விலி குடும்பத்து யோசிப், இன்னொருவருக்கு உல்யானோவ் வீட்டு விளாதிமிர். யோசிப் யாரென்று கவனித்தீர்களா? அவரும் ஒரு சூசைதான்.