செத்தும் அடங்காதவர்கள்: சுங்கை சிப்புட் மேசையிலிருந்து கேள்வி-பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை இரவுகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டும் ஆட்டம் அது. நடத்துவது நான். பிணமாக எழுந்து நடமாடும் பாத்திரங்களைப் பற்றி அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். எண்கள் எல்லாம் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி.

செத்துப் பிழைத்த பாத்திரத்தை நானே ஆட முடியுமா? விதி இடம் தருகிறதா? (கல்லூரி மாணவி)

தருகிறது. 2021-இல் வெளிவந்த ரேவன்லாஃப்ட் கையேட்டில் ‘ரீபார்ன்’ என்ற பிறப்புவகை இருக்கிறது. சாப்பாடு, தண்ணீர், மூச்சு எதுவும் வேண்டாம். தூக்கம் வேண்டாம், நாலு மணி நேரம் அசையாமல் இருந்தால் முழு ஓய்வு. சாகக் கிடக்கும்போது பிழைப்பீர்களா என்று பார்க்கும் சாவு உருட்டலில் இரண்டு பகடை போட்டு நல்லதை எடுத்துக்கொள்ளலாம்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. விதிப்படி ரீபார்ன் பிணவகையில் சேராது, மனிதர்போன்ற உயிர்களின் வகையில்தான் சேரும். அதனால் குணப்படுத்தும் மந்திரம் உங்கள் மேல் வேலை செய்யும்; பூசாரி பேய் விரட்டினால் நீங்கள் ஓட வேண்டியதில்லை. அசல் பிணமாக இருந்தால் இரண்டுமே தலைகீழ்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் முன்ஜென்ம நினைவு விதி. ஒரு திறமையைச் சோதிக்கும்போது ஆறு முகப் பகடை ஒன்றைக் கூடுதலாக உருட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். தன் பேரையே மறந்துவிட்ட ஒருத்தி, உளியைக் கையில் கொடுத்ததும் பால்மரப் பட்டையைச் சரியான சாய்வில் சீவுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட விழும் அந்தப் பகடை அவள் கையின் ஞாபகம். உங்கள் பாத்திரத்தின் கை எதை மறக்கவில்லை என்பதை முதலில் எழுதுங்கள், மீதி தானாக வரும்.

என் தாத்தாவின் அண்ணன் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை. அந்தக் கதையிலிருந்து ஒரு ரெவனன்ட் செய்ய நினைக்கிறேன். எப்படி? (செம்பனை ஆலை ஊழியர்)

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். 1942-43-இல் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். இந்த ஊரில் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் யாரோ ஒருவர் வீட்டில் திரும்பி வராத ஒருவர் இருப்பார். ஆகவே முதல் வேலை, ஆடுபவர்கள் எல்லாரிடமும் முன்கூட்டியே கேட்பது. ஒருவர் வேண்டாம் என்றாலும் வேறு கதைக்குப் போங்கள்.

எல்லாரும் சரி என்றால், ரெவனன்ட் பொருந்துமா என்று பாருங்கள். அது பழிவாங்க எழும் பிணம். 136 உயிர்ப்புள்ளி (அடி வாங்க வாங்கக் குறையும் எண்), ஒவ்வொரு சுற்றிலும் 10 புள்ளி திரும்பும், உடலை அழித்தாலும் 24 மணி நேரத்தில் வேறொரு பிணத்தில் புகுந்துவிடும். ஆனால் அதற்குக் கெடு ஒரே வருடம். அதற்குள் எதிரியைக் கொல்லாவிட்டால் மண்ணாகிவிடும். 1943-இல் செத்தவரை இன்றைய தோட்டத்தில் உலவவிட அந்த விதி இடம் தராது. கதையை 1944-க்குக் கொண்டுபோனால் தரும். அப்போதும் அவர் யாரைப் பழிவாங்குவார்? பட்டியல் எழுதிய கிராணியையா, ஆள் காட்டிய கங்காணியையா? அவர்களின் பேரப்பிள்ளைகளும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். நான் அந்த வழியில் போகமாட்டேன்.

நான் எடுப்பது ‘கோஸ்ட்’ என்ற ஆவி வகை. அதற்குக் காலக்கெடு கிடையாது, முடியாமல் நின்ற ஒரு காரியம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. 45 உயிர்ப்புள்ளிதான் என்றாலும் சுவரை ஊடுருவும், ஆள் மேல் ஏறும். ஏறாமல் தடுக்க, இருபது முகப் பகடையை உருட்டிப் பாத்திரத்தின் கவர்ச்சிக் குணத்துக்கான எண்ணைக் கூட்டினால் 13 வர வேண்டும். பார்த்தாலே முதுமை தட்டவைக்கும் கோர முகமும் உண்டு. அதை எடுத்துவிடுங்கள். இந்த மனிதருக்குக் கோர முகம் வேண்டாம்.

முடியாத காரியம் என்ன? விடியற்காலைப் பெரட்டில், அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்பில், பேர் கூப்பிடுவார்கள். இவர் பேரைக் கூப்பிட்டார்கள், பதில் வரவில்லை, பிறகு யாரோ அந்தப் பேரைக் கோடு போட்டு அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த நேரத்துக்கு லயத்துக் கோடியில் வந்து நிற்கிறார். யார் மேலாவது ஏறினால் அந்த ஆள் செய்வது ஒன்றுதான்: நடந்துபோய்ப் பெரட்டு மைதானத்தில் வரிசையில் நிற்பது. வாளால் வெட்டினால் கலைவார், மறுநாள் வருவார். பழைய செக்ரோல் (ஆள் பதிவு) புத்தகத்தைத் தேடிப்பிடித்து, அடித்த பேரைப் படித்து, அதே இடத்தில் உரக்கக் கூப்பிட வேண்டும். எங்கள் மேசையில் கூப்பிட்டபோது இருட்டிலிருந்து “இருக்கேன்” என்று நான் சொன்னேன். அதன்பிறகு வெகுநேரம் யாரும் பகடையைத் தொடவில்லை.

முனீஸ்வரரை எதிரியாக வைக்கலாமா? (பெயர் போடவில்லை)

வேண்டாம். அவர் நம் தோட்டங்களின் எல்லையில் நின்று காப்பவர், சனங்கள் கும்பிடும் சாமி. ஆனால் அவர் எல்லையைப் பயன்படுத்தலாம். அழைக்காத வீட்டுக்குள் வேம்பயர் நுழைய முடியாது என்ற விதி இருக்கிறதல்லவா? அதுபோல எல்லைக்கோவில் தாண்டி எந்தப் பிணமும் வராது என்று வையுங்கள். துரத்தப்படும் ஆட்டக்காரர்களுக்கு ஓடிப்போய்ச் சேர ஓர் இடம் கிடைக்கும்.

மலாய்க் கதைகளில் வரும் போந்தியானாக், பெனாங்காலான் பேய்கள் இரண்டும் ஒன்றா? எந்த எண்களை எடுப்பது? (புகுமுக வகுப்புத் தம்பி)

ஒன்றல்ல தம்பி. போந்தியானாக் பிள்ளைப்பேற்றோடு சேர்ந்த சாவிலிருந்து எழுவது. வேம்பயர் ஸ்பான் (வேம்பயருக்கு அடிமையான சின்ன வேம்பயர்) எண்களை எடுத்துக்கொள்: 82 உயிர்ப்புள்ளி, சுற்றுக்கு 10 மீட்பு. பிடரியில் ஆணி அடித்தால் அழகான பெண்ணாகி அடங்குவாள் என்பது மலாய்க்காரர்களின் கதை. மார்பில் மரக்குச்சி குத்தினால் வேம்பயர் அழியும் என்ற விதியைத் தூக்கிவிட்டு அந்த ஆணியை வை. ஆணியைப் பிடுங்க ஒரு மடையன் எப்போதும் வருவான், அடுத்த கதைக்கு அதுவே தொடக்கம்.

பெனாங்காலான் உயிரோடு இருக்கிற பெண். ராத்திரியில் தலை மட்டும் குடலோடு கழன்று பறக்கும், விடிவதற்குள் உடம்புக்குத் திரும்ப வேண்டும். அதனால் பூசாரியின் பேய்விரட்டு அவளிடம் பலிக்காது. சன்னலில் முள் இலை கட்டுவதுதான் வழி, குடல் சிக்கிக்கொள்ளும். பகலில் அவள் பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம் என்பதை ஆட்டக்காரர்கள் மெதுவாக உணரட்டும்.

சோம்பிகள் (புத்தியில்லாமல் நடமாடும் பிணங்கள்) உடனே செத்துவிடுகின்றன. (பால்வெட்டுக்காரர்)

விதியைச் சரியாகப் பார்க்கிறீர்களா? சோம்பியின் புள்ளி பூச்சியமானதும் அது இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். வர வேண்டியது, 5-உடன் வாங்கிய அடியைக் கூட்டிய எண். 6 புள்ளி அடி என்றால் 11 வேண்டும், சோம்பிக்கு 3 கூடுதல் இருப்பதால் நூற்றுக்கு 65 முறை ஒரு புள்ளியோடு எழுந்துவிடும். 15 புள்ளி அடி என்றால் நூற்றுக்கு 20 முறைதான். புனித ஒளியால் விழும் அடிக்கும், பகடையில் 20 விழுந்து கிடைக்கும் உச்ச அடிக்கும் இந்த உருட்டல் கிடையாது. ஆகவே சின்னச் சின்ன அடிகளை வாங்கும்படி அவற்றைப் பிரித்து வையுங்கள். நெருப்புக்குண்டு எறிய ஒரே கூட்டமாக நிறுத்தாதீர்கள். விடியுமுன் மரம் வெட்டப் போன உங்களுக்குத் தெரியும், தலைவிளக்கு ஒளி எத்தனை மரத்தைத்தான் காட்டும்? அடுத்த வரிசையில் நிற்பது தெரியாது. அந்த இருட்டை மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

வீட்டில் பேய் ஆட்டம் ஆடக்கூடாது என்கிறார் அம்மா. என்ன சொல்வது? (பதினேழு வயதுப் பையன்)

அம்மாவோடு வாதம் செய்யாதே. எந்த மரத்தடியில் எதைப் பார்த்ததாகப் பாட்டி சொன்னார் என்று கேள், உட்கார்ந்து கேள். எங்கள் ஆட்டங்களில் பாதி அப்படிக் கிடைத்தவை. வெள்ளி செவ்வாய் வேண்டாம் என்றால் வேறு நாள் பார். இன்னொன்றும் அவரிடம் சொல்: வரிசையில் ஏதாவது வீட்டில் சாவு விழுந்தால், கருமாதி முடியும்வரை நாங்கள் பகடையை எடுப்பதில்லை. லயத்துச் சுவர் மெல்லியது, நாம் சொல்வது அந்தப் பக்கம் கேட்கும்.