நெட்டி முறித்தால் மூட்டு தேயுமா?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் நாள் முழுக்க விரல்களில் நெட்டி முறித்துக்கொண்டே இருக்கிறான். படிக்கும்போதும் டிவி பார்க்கும்போதும் ‘டக் டக்’ சத்தம்தான். மூட்டு தேய்ந்து பிற்காலத்தில் ஆர்த்ரைட்டிஸ் வரும் என்கிறார் என் கணவர். வீட்டுக்கு ஆகாது என்கிறார் மாமியார். இப்போது கொஞ்ச நாளாகக் கழுத்தையும் இரண்டு பக்கமும் திருகி முறிக்கிறான். கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, தென்காசி

பதில்: விரலுக்காகக் கவலைப்பட வேண்டாம். கழுத்து விஷயம் வேறு. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

நெட்டி முறியும்போது எலும்பு எதுவும் முறிவதில்லை, எலும்போடு எலும்பு உரசுவதும் இல்லை. ஒவ்வொரு விரல் மூட்டையும் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அதற்குள் வழுவழுப்பான திரவம் சில சொட்டுகள். அந்தத் திரவத்தில் கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் கரைந்திருக்கின்றன. விரலை இழுத்தாலோ அழுத்தி மடக்கினாலோ மூட்டு சற்று விரிகிறது, உள்ளே அழுத்தம் சட்டென்று குறைகிறது, கரைந்திருந்த வாயு குமிழியாகக் கிளம்புகிறது. கோலி சோடாவை உடைத்ததும் குமிழி பொங்குகிறதே, அதே சங்கதிதான். ‘மூட்டில் வாயு’ என்று பெரியவர்கள் சொல்வது இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சரி. ஆனால் அது உருளைக்கிழங்கு சாப்பிட்டு வந்த வாயு இல்லை!

இத்தனை சின்ன சத்தத்துக்குப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1947 இல் லண்டனில் இரண்டு ஆய்வாளர்கள் விரல்களை இழுத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, குமிழி உருவாகும்போது சத்தம் வருகிறது என்றார்கள். 1971 இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தினர், இல்லை, குமிழி உடையும்போதுதான் வருகிறது என்றார்கள். 2015 இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒருவரின் விரல்களை ஒவ்வொன்றாக எம்.ஆர்.ஐ. கருவிக்குள் இழுத்து, நெட்டி முறிவதைப் படமாகவே எடுத்தார்கள். சத்தம் வந்த பிறகும் குமிழி உள்ளேயே இருந்தது. சரி, முடிந்தது என்று பார்த்தால், 2018 இல் வேறு இருவர் கணக்குப் போட்டு, குமிழி பாதி சுருங்கினாலே அந்தச் சத்தம் வரும் என்றார்கள். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஒருமுறை முறிந்த விரல் உடனே மறுபடி முறியாது, கவனித்திருப்பீர்கள். குமிழி திரும்பக் கரைய ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். இதை உங்கள் மாமியாரிடம் வேறு விதமாகச் சொல்லலாம். பேரப்பிள்ளைகளின் கன்னத்தை இரு கைகளாலும் வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தி முறித்திருப்பார்தானே? படபடவென்று பத்து விரலும் முறிந்தால் ‘அம்மாடி, எம்புட்டுக் கண்ணு!’ என்பார்கள். அக்காவுக்குச் சுற்றிய கையோடு தம்பிக்கும் சுற்றினால் அவனுக்கு ஒன்றிரண்டுதான் முறியும். தம்பி மேல் கண் படவில்லை என்று அர்த்தமில்லை, இருபது நிமிடம் ஆகவில்லை, அவ்வளவுதான். திருஷ்டி கழிக்க ஆகும் நெட்டி, பேரன் முறித்தால் மட்டும் வீட்டுக்கு ஆகாதா என்று அவரிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

அடுத்து, உங்கள் கணவர் சொல்வது. கலிஃபோர்னியாவில் டொனால்ட் உங்கர் என்று ஒரு மருத்துவர் இருந்தார். நெட்டி முறித்தால் ஆர்த்ரைட்டிஸ் வரும் என்று அவருடைய அம்மா சொன்னார், சித்தி, அத்தைமார் சொன்னார்கள், கல்யாணத்துக்குப் பிறகு மாமியாரும் சொன்னார். மனிதர் இடது கை விரல்களை மட்டும் தினம் இரண்டு முறையாவது முறித்தார். வலது கையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவைத்தார். இப்படி 50 ஆண்டுகள்! குறைந்தது 36,500 தடவை. இரண்டு கையிலும் ஆர்த்ரைட்டிஸ் இல்லை, இரண்டுக்கும் வித்தியாசமும் இல்லை என்று 1998 இல் ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். 2009 இல் அவருக்கு இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசு கிடைத்தது. ஒற்றை ஆளை வைத்து முடிவு கட்ட முடியாது, உண்மைதான். ஆனால் 2011 இல் அமெரிக்காவில் 215 பேரின் கை எக்ஸ்ரேக்களைப் பார்த்தபோதும், நெட்டி முறிப்பவர்களுக்குத் தேய்மானம் கூடுதலாக இல்லை. 1990 இல் வந்த ஓர் ஆய்வு மட்டும் கை வீக்கமும் பிடிப்பு பலக் குறைவும் இருப்பதாகச் சொன்னது. அதற்காக இப்போது யாரும் பயமுறுத்துவதில்லை.

எல்லாச் சத்தமும் குமிழிச் சத்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மடக்கும் ஒவ்வொரு முறையும் ‘டக்’கென்று கேட்டால், தசைநார் எலும்பு மேட்டைத் தாண்டும் சத்தமாக இருக்கலாம். வலி இல்லாதவரை அதுவும் ஒன்றுமில்லை. விரல் மடங்கியபடி சிக்கிக்கொண்டு, இழுத்து நிமிர்த்த வேண்டியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும். காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்து, அரை மணி நேரத்துக்கு மேலும் இளகாமல், மூட்டுகளும் வீங்கியிருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம், தள்ளிப்போடக் கூடாது. நெட்டி முறித்ததால் வருவதில்லை அது.

இப்போது கழுத்து. கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக இரண்டு ரத்தக்குழாய்கள் மூளையின் பின்பகுதிக்கு ஏறுகின்றன. வேகமாகத் திருகும்போது அபூர்வமாக அந்தக் குழாயின் உள்சுவர் கிழியலாம். அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அபூர்வம்தான், ஆனால் இளம் வயதில் வரும் பக்கவாதத்துக்குக் குழாய்க் கிழிசல் ஒரு முக்கியக் காரணம். உங்கள் மகன் மெதுவாகச் சாய்த்து, தானாக ‘டக்’ என்றால் பரவாயில்லை. தாடையையும் பின்னந்தலையையும் இரு கையால் பிடித்துச் ‘சடக்’கென்று திருப்புகிறான் என்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சலூனில் முடி வெட்டியதும் இலவசமாகச் செய்துவிடுகிறார்களே, அதுவும் வேண்டாம். அப்படி முறித்தபின் உதரவிதான நரம்பு பாதித்து, மூச்சுத்திணறலோடு ஒருவர் டெல்லிப் பக்கம் மருத்துவமனைக்குப் போன செய்தி 2017 இல் நாளிதழ்களில் வந்தது. கழுத்தை முறித்த பிறகு இதுவரை இல்லாத கழுத்து வலி, தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குளறல், நடையில் தள்ளாட்டம் என எது வந்தாலும் 108 ஐக் கூப்பிடுங்கள். சுக்குப் பற்று போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

அவன் ஏன் கழுத்தை முறிக்கிறான் என்றும் பாருங்கள். மடியில் லேப்டாப், குனிந்தபடி செல்போன் என்றால் மாலைக்குள் கழுத்துத் தசை இறுகிவிடும். முறித்ததும் ஐந்து நிமிடம் சுகமாக இருக்கும், திரும்ப இறுகும், திரும்ப முறிப்பான். திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைக்கட்டும். அரை மணிக்கொரு தரம் எழுந்து, இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் சேர்த்து இழுத்துப் பத்து எண்ணிவிட்டு விடட்டும். விரல் நெட்டிக்குத் திட்டாதீர்கள். திட்டத் திட்ட அதிகமாகும். பரீட்சை நேரத்தில் இன்னும் கூடும்.

கால்சியம் மாத்திரை அவனுக்கு வேண்டாம். இந்தச் சத்தத்துக்கும் கால்சியம் குறைவுக்கும் சம்பந்தமில்லை. பால், தயிர், கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை என்று வீட்டில் இருப்பதே போதும். 100 கிராம் கேழ்வரகில் மட்டும் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. நீங்கள் கேட்காத ஒன்று: உங்கள் மாமியாருக்கு முதுகு கூன ஆரம்பித்திருக்கிறதா, உயரம் குறைந்திருக்கிறதா, லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்திருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அவரை ஒருமுறை அழைத்துப் போய் எலும்பு அடர்த்தியும் வைட்டமின் டி அளவும் பார்த்துவிடுங்கள். மாத்திரை தேவைப்படுவது அவருக்காக இருக்கலாம்.