குழந்தையைப் பாம்பு கடித்தால் முதலில் எங்கே ஓடுவது?

கேள்வி: சென்னையில் இருந்த நாங்கள், மாமனாருக்கு உடம்பு முடியாததால் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் குடிவந்துவிட்டோம். பையனுக்கு இரண்டரை வயது. வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போர், அதைத் தாண்டினால் நெல் வயல். போன வாரம் கொல்லையில் பாம்புச் சட்டை கிடந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஏதாவது நடந்தால் பக்கத்து ஊரில் பச்சிலை கொடுப்பவரிடம்தான் முதலில் போக வேண்டும், ஆஸ்பத்திரி ஊசியைச் சின்னக் குழந்தை தாங்காது என்கிறார் மாமியார். உண்மையா டாக்டர்?

பதில்: உண்மையில்லை அம்மா. இரண்டரை வயதுப் பிள்ளை அந்த ஊசியைத் தாங்கும். விஷத்தைத்தான் தாங்காது.

கடிக்கிற பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. பெரியவருக்கு இறங்கும் அதே விஷம் பன்னிரண்டு கிலோ குழந்தைக்கும் இறங்கும். அதனால் விஷமுறிவு மருந்தும் பெரியவர்களுக்கான அதே அளவுதான், தொடக்கத்தில் வழக்கமாக 8 முதல் 10 குப்பி. குழந்தைதானே என்று பாதி போடுவது தவறு. குதிரை ரத்தத்திலிருந்து தயாராகும் மருந்து என்பதால் சிலருக்கு ஒவ்வாமை வரும்: தடிப்பு, நடுக்கம், மூச்சிரைப்பு. அதற்கு அட்ரினலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குவோம்.

பச்சிலை வைத்தியர் பலரைப் பிழைக்க வைத்தார் என்று மாமியார் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் கடிப்பதில் நிறைய சாரையும் தண்ணீர்ப்பாம்பும்தான். நல்ல பாம்பு கடித்தாலும் சில நேரம் விஷம் இறங்காது. அந்தப் பிள்ளைகள் ஒன்றும் செய்யாவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். விஷம் இறங்கிய குழந்தையை அவர் இரண்டு மணி நேரம் வைத்திருந்து, கண் சொருகியபின் "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று அனுப்புவார். அப்படி வந்த பிள்ளைகளைப் பார்த்தவன் நான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்ததாக ஆய்வுக் கணக்கு சொல்கிறது. அதில் கால் பங்குக்கும் மேல் 15 வயதுக்குட்பட்டவர்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு யாராவது வருவார்கள், பாம்பு விரட்டி என்று பொடியோ பாட்டிலோ விற்க. வாங்காதீர்கள். கார்பாலிக் ஆசிட் தெளிப்பதைக் கிராமத்தில் பெரிய பாதுகாப்பாக நினைக்கிறார்கள். பாம்பு அதை மதிப்பதில்லை. தவழ்கிற, வாயில் எல்லாம் போட்டுப் பார்க்கிற பிள்ளையின் தோலையும் தொண்டையையும் அது வெந்துபோகச் செய்யும். பாம்புக்குப் பயந்து வாங்கிய பாட்டிலால் குழந்தை வார்டுக்கு வருவதைவிடக் கொடுமை வேறில்லை. சிறியாநங்கைச் செடி வைப்பதால் தீங்கில்லை, ஆனால் அதை நம்பி வைக்கோல் போரை வாசலை ஒட்டி விட்டுவிடாதீர்கள். போரைத் தள்ளி வையுங்கள், நெல் மூட்டையில் எலி சேராமல் பாருங்கள். எலி இருக்கும் வரை பாம்பு வரும்.

இன்னொரு ஆள் கடித்த பிறகு வருவார். "ஜி.ஹெச்.சில் மருந்து இருக்காது, எனக்குத் தெரிந்த இடம் இருக்கு" என்று வண்டியைத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் திருப்புவார். அவருக்கு அங்கே கமிஷன். நீங்கள் 108-ஐ அழையுங்கள். வண்டி தாமதமானால் பைக்கில் இருவருக்கு நடுவில் குழந்தையை வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கொலுசு, காப்பைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்த காலைப் போல ஒரு மட்டையை வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றுங்கள். பிள்ளையை நடக்கவிடாதீர்கள். பாம்பைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். நம் பக்கத்தில் ஆளைக் கொல்லும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் கடித்தது தெரிந்தால். கட்டுவிரியன் விஷயம் வேறு. இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

மற்ற மூன்றும் கடித்தால் பொதுவாக வலிக்கும், வீங்கும், பிள்ளை அலறும். கட்டுவிரியன் ராத்திரிப் பாம்பு. எலியைத் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பிள்ளை புரளும்போது கடிக்கும். கொசுக்கடி அளவுக்குக்கூட வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் தடமே பல நேரம் தெரியாது. விடியற்காலை குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும், வாந்தி எடுக்கும். நேற்று தின்றது சேரவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுப்போம். அப்புறம் இமை தொங்கும், தூக்கக் கலக்கம் என்போம். எச்சில் ஒழுகும், குரல் கம்மும், கழுத்து நிற்காது. அதற்கடுத்தது மூச்சு.

நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்றை இப்படித்தான் வயிற்றுவலி என்று தூக்கி வந்தார்கள். வழியில் ஒரு மருத்துவமனையில் வயிற்றுவலிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தரையில் படுத்தாளா என்று யாருமே கேட்கவில்லை. எங்களிடம் வரும்போது மூச்சு நின்றுகொண்டிருந்தது. ஐந்து நாள் வென்டிலேட்டர். பிழைத்துக்கொண்டாள். கட்டுவிரியன் கடியில் மூச்சை மட்டும் ஓடவைத்தால் பிள்ளை முழுதாகத் திரும்பிவிடும். ஆகவே தரையில் படுத்த குழந்தைக்கு விடிகாலையில் வயிற்றுவலியும் இமைத் தொங்கலும் சேர்ந்து வந்தால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள். டாக்டரிடமும் "கட்டுவிரியனா இருக்குமோ" என்று நீங்களே சொல்லுங்கள். இன்று முதல் பையன் கட்டிலில் தூங்கட்டும். கொசுவலையின் ஓரத்தை நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகுங்கள்.

இனி ஒரு வேலை, இந்த வாரமே. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பகலில் போய்க் கேளுங்கள்: விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி இருக்கிறது, ராத்திரி டாக்டர் இருப்பாரா, இல்லையென்றால் அடுத்த இடம் எது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது, எல்லா மருத்துவமனைகளும் கணக்குக் கொடுக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் குளிர்பெட்டியில் மருந்து இருந்தும், கைநடுங்கி, முதல் டோஸ்கூடப் போடாமல் "மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது" என்று சீட்டு எழுதுவதைக் கணக்கெடுப்பு நிறுத்தாது. விஷம் இறங்கியிருந்தால் ரத்தம் உறையாமல் போகலாம். அது உறைகிறதா என்று பார்க்க ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயும் 20 நிமிடமும் போதும், லேப் வேண்டாம். இத்தனை வருடம் சொல்லியும் அந்தக் குழாய் இல்லாத இடங்கள் இருப்பது எனக்கு ஆறாத கோபம். எனவே நீங்கள் வற்புறுத்துங்கள்: "விஷ அறிகுறி இருந்தால் முதல் டோஸைப் போட்டுவிட்டு அனுப்புங்க."

போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். அந்த மருந்துக்கான விஷத்தின் பெரும்பகுதி மாமல்லபுரம் பக்கம் நம் வடநெம்மேலியில் இருக்கும், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது என்று அவரிடம் சொல்லுங்கள். பாம்பைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த இருளர்கள் எடுத்துக் கொடுக்கும் விஷத்தில் உருவான மருந்து என்று தெரிந்தால் அவருக்கும் அந்த ஊசிமேல் நம்பிக்கை வரும்.