தாத்தா குடியிருந்த வீட்டில் நினைவுப் பலகை வைக்கலாமா?

கேள்வி: என் தாத்தா வேலூரில் போட்டோகிராபர். ஆபீசர்ஸ் லைனில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கொசப்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தார். 1991-இல் காலமானார். ஸ்டுடியோ கட்டடம் இப்போது இல்லை. வீடு இருக்கிறது, அதை வாங்கியவர் பலகை வைக்கச் சம்மதிக்கிறார். யாரிடம் அனுமதி வாங்குவது? என்ன எழுதுவது? எதில் செய்வது?

பதில்: தனியார் வீட்டுச் சுவரில் சிறு பலகை என்றால் முக்கியமானது உரிமையாளரின் சம்மதம்தான். ஆனால் வாய்வார்த்தையாக விடாதீர்கள். பலகை உங்கள் குடும்பத்துடையது, வீட்டை விற்றாலோ இடித்தாலோ திருப்பித் தரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பலகை மாட்டியதால் மட்டும் வீடு பாரம்பரியக் கட்டடம் ஆகிவிடாது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். நாளை மாடி எடுக்க முடியாதோ என்ற பயம் பலருக்கு உண்டு.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் ஒரு பீடமும் கட்டலாமே என்று தோன்றினால், அதைக் கைவிடுவது நல்லது. சாலையோரம் என்றால் மாநகராட்சியைக் கேட்க வேண்டும். அதோடு பக்கத்திலுள்ள வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும்.

உங்கள் உழைப்பு போகவேண்டிய இடம் ஆதாரம். போட்டோக்களின் மவுண்ட் அட்டையிலும் பின்பக்க ரப்பர் ஸ்டாம்பிலும் கிடைப்பது ஸ்டுடியோ முகவரி, வீட்டு முகவரி அல்ல. வாடகைக்கு இருந்தவர் பெயர் பொதுவாக வில்லங்கச் சான்றில் வராது. எனவே அவருக்கு வந்த தபால் அட்டைகள், பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகள் ஆகியவற்றைத் தேடுங்கள். யாருடைய பத்திரத்திலாவது சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அங்கேயும் அவர் முகவரி இருக்கும். பலரும் இதைத் தேடுவதே இல்லை.

கதவு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். எண்கள் மாறியிருக்கும். இப்போதைய உரிமையாளரின் மூலப்பத்திரத்தில் உள்ள செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தைப் பாருங்கள். வடக்கே யார் வீடு, தெற்கே எந்தச் சந்து என்று இருப்பதைக் குடும்பப் பெரியவர்கள் சொல்வதோடு ஒப்பிட்டால் வீடு உறுதியாகும். தாள்களில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். வேலூர் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 1989-இல்தான் அது இரண்டாகப் பிரிந்தது.

வாசகத்துக்கு, பிரபலமானவர்கள் வாழ்ந்த வீடுகளில் வைக்கப்படும் லண்டனின் நீலப் பலகைகள் நல்ல முன்மாதிரி. 1866-இல் தொடங்கிய திட்டம் அது. இறந்து 20 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும், கட்டடம் நிலைத்திருக்க வேண்டும் என்பவை அதன் விதிகள். உங்கள் தாத்தா இரண்டிலும் தேறிவிடுவார்! பில் பிராண்ட் என்ற புகைப்படக் கலைஞர் வாழ்ந்த வீட்டிலும் அப்படி ஒரு பலகை உண்டு. பெயர், ஆண்டுகள், தொழில், இங்கே வாழ்ந்தார் என்ற செய்தி, அவ்வளவுதான். நீங்களும் அதோடு நிறுத்துங்கள். 'ஒளி ஓவிய மாமேதை' வேண்டாம். திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர் பெயர்களும் வேண்டாம். அப்புறம் அது விழாக் கல்வெட்டாகிவிடும், தாத்தா ஓரத்துக்குப் போய்விடுவார். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று நிரூபிக்க முடியாவிட்டால், ஆண்டு போடாமல் 'இந்த வீட்டில் வாழ்ந்தார்' என்று மட்டும் எழுதுங்கள்.

பொருள்? என் ஓட்டு கருப்பு கிரானைட்டுக்கு. பித்தளை அழகுதான், ஆனால் கறுக்கும். எடைக்குப் போடக் கழற்றிக்கொண்டும் போவார்கள். ஸ்டிக்கர் எழுத்து வேலூர் வெயிலில் சீக்கிரமே வெளுத்துவிடும்.

ஒன்றரை அடிக்கு ஓரடி, 18 மில்லிமீட்டர் தடிமன் என்றால் கல் ஏறத்தாழ 7 கிலோ வரும். பசையை மட்டும் நம்பாமல், நான்கு மூலையிலும் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரானால், செங்கல்லை உடைக்காமல் இணைப்புக் காரையில் துளையிடுவது நல்லது. பிறகு சரிசெய்வது எளிது.

பெயர் எதிர்ச்சாரியிலிருந்தே தெரியவேண்டுமானால் 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்று எழுத்து உயரத்தைக் கணக்கிடுங்கள். மெல்லிய எழுத்துரு வேண்டாம். செதுக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி அடைபட்டால் பெயரே மாறிவிடும். கல்லுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அசல் அளவில் காகிதத்தில் அச்சடித்து, அதே சுவரில் ஒட்டி, வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.