வாசகர் கேள்வி – பதில்: கைமாறி வரும் தங்க வாட்ச்

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் தம்மிடமுள்ள ரோலெக்ஸ் டே-டேட் தங்க வாட்சை விற்க முன்வந்திருக்கிறார். 18038 என்ற மாடல் என்கிறார். பெட்டியோ பில்லோ இல்லை. நகைக்கடையில் உரைத்துப் பார்த்தவர்கள் மாற்றுக் குறைவு என்கிறார்கள். வாங்கலாமா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: மாற்றுக் குறைவாகத்தான் இருக்கும், அதனால் மட்டும் அது போலியாகிவிடாது. இந்த மாடல் 18 காரட், அதாவது ஆயிரத்துக்கு 750 பங்கு தங்கம். அன்றாடம் கீறலும் இழுவையும் படுகிற பொருளுக்கு 22 காரட் மிகவும் மென்மையானது என்பதால் வாட்ச் கம்பெனிகள் பொதுவாக 18 காரட்டையே எடுத்துக்கொள்கின்றன. டே-டேட், 1956-இல் அறிமுகமானது முதல் தங்கத்திலும் பிளாட்டினத்திலும் மட்டுமே விற்கப்பட்டு வருகிறது. எனவே எவர்சில்வரின் மேல் முலாம் பூசிய டே-டேட் எங்கே கண்ணில் பட்டாலும், யோசிக்காமல் விலகிவிடலாம்.

இனி யாரையும் உரைகல்லில் தேய்க்க விடாதீர்கள். காரட் மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும் என்பதால், முத்திரைகளையும் பார்த்தாக வேண்டும். சுவிட்சர்லாந்தில் 18 காரட் தங்கத்துக்கு 1995 வரை ஹெல்வெஷியா என்னும் பெண்ணின் தலையும், அதன் பிறகு செயின்ட் பெர்னார்டு நாயின் தலையும் முத்திரையாக இடப்பட்டன. 18038 மாடல் 1980-களோடு முடிந்துவிட்டது. ஆகவே அதன் கேஸில், அதாவது இயந்திரத்தை மூடியிருக்கும் தங்க உடலில், நாய்த்தலை இருந்தால், கேஸ் எப்போது, ஏன் மாறியது என்று விற்பவர்தான் விளக்க வேண்டும்.

அடுத்து, சாவி கொடுக்கும் திருகை இறுக்கம் விடும்வரை சுற்றித் தளர்த்தி, ஒரு படி மட்டும் வெளியே இழுத்துத் திருப்புங்கள். இந்த மாடலில் தேதி மட்டும் சட்டென்று மாறும். கிழமையை மாற்ற முள்ளைச் சுற்றித்தான் ஆக வேண்டும். கிழமையும் அதே நிலையில் மாறினால், பின்னால் வந்த 18238 மாடலின் இயந்திரம் உள்ளே இருக்கக்கூடும். இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம், கடைக்காரரின் தயவும் வேண்டாம்.

என்னைக் கேட்டால், தங்கம் அசலா என்பதைவிட அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதே பெரிய கேள்வி. செயின் கேஸோடு சேரும் கொம்புகளை மேலிருந்து பாருங்கள்: இரண்டு பக்கமும் ஒரே தடிமனாக, விளிம்பு கூராக இருக்க வேண்டும். மெலிந்து வழவழவென்று உருண்டிருந்தால், பலமுறை பாலிஷ் போட்டுத் தங்கத்தைக் கரைத்திருக்கிறார்கள் என்று பொருள். கரைந்தது திரும்பி வராது. பிறகு வாட்சைப் பக்கவாட்டில் திருப்பி, செயினைக் காற்றில் நீட்டிப் பிடியுங்கள். கண்ணிகளின் மூட்டுகள் தேய்ந்திருந்தால் செயின் வில்லாக வளைந்து தொங்கும். தங்கச் செயினைச் சரிசெய்யும் செலவு கணிசமானது. டயலில் எழுத்துகளின் ஓரம் மங்கியோ தடித்தோ இருந்தால், மறுபடி சாயம் பூசியது என்று கருதி விலையை வெகுவாகக் குறைத்துக் கேளுங்கள்.

பெட்டி இல்லாதது பெரிய குறையல்ல. செயினைக் கழற்றினால் கொம்புகளுக்கிடையே, 12 மணிப் பக்கம் மாடல் எண்ணும் 6 மணிப் பக்கம் வரிசை எண்ணும் தெரியும். இரண்டும் தெளிவாக இருக்கட்டும். விற்பவரின் அடையாளச் சான்றோடு இந்த எண்களையும் எழுதிய ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதால், பணத்தை வங்கி வழியாகவே செலுத்துங்கள்.

கேள்வி: பழைய சுவிஸ் வாட்ச் ஒன்றின் பின்பக்கத்தில் ‘20 மைக்ரான்’ என்றிருக்கிறது. கெட்டித் தங்கம் என்று சொல்லி, சவரன் கணக்கில் விலை கேட்கிறார்கள். சரியா?
– மதுரை வாசகர்

பதில்: சரியல்ல. அது முலாமின் கனத்தைக் குறிக்கிறது: ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. உருக்கினால் சொல்லிக்கொள்ளும்படி தங்கம் தேறாது. வாட்ச் நன்றாக ஓடி, உங்களுக்கும் பிடித்திருந்தால், வாட்சுக்குரிய விலையை மட்டும் பேசுங்கள்.